பந்தய மாதிரி விமானத்தில் மின்மோட்டர் பூட்டுதல்

வடமராட்சியில் பட்டம் கட்டுபவர்களுக்கு முச்சையின் அருமை தெரியும். அது பிசகினால் எந்தப் பட்டமும் குத்துக்கரணம் அடிக்கும். ரிமோட்டில் ஓடும் பந்தய விமானத்துக்கு மோட்டர் பூட்டும் அப்படித்தான் என்று பருத்தித்துறை இளையோருக்கு நான் சொல்வதுண்டு.

கம்பங்களைச் சுற்றி ஓடும் பந்தயத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்குப்பலகை இழுபடும். அதனால் அதை நல்ல ஒட்டுப்பலகையில் வெட்டி, எப்பொக்சிப் பசையால் இறுக்கமாக ஒட்ட வேண்டும். அதிர்வில் தளராதிருக்கத் திருகாணிக்குப் பூட்டுப்பசை இடுங்கள். திருகாணி நீளம் கூடினால் மோட்டரின் செப்புச்சுருளைக் கிழித்துவிடும்.

பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி வலஞ்சுழியாகச் சுற்றினால், விமானம் இடப்பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட மோட்டரை ஓரிரு பாகை வலப்பக்கமும் சற்றுக் கீழேயும் சரித்துப் பூட்டுவார்கள். பிறகு பற்றரியை முன்பின் நகர்த்தி எடைமையத்தைச் சரிசெய்யலாம். வீட்டில் மோட்டரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றி வையுங்கள்.

எங்கள் சனத்துக்கு வானத்து இரைச்சல் வெறும் இரைச்சல் அல்ல. வேவு விமானத்தை 'வண்டு' என்று அழைத்துப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் அயலில் இருக்கிறார்கள். தளர்ந்த மோட்டரும் சமனற்ற விசிறியும் இரைச்சலைக் கூட்டும். இறுக்கிப் பூட்டுங்கள், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறியுங்கள், பறக்கவிட முன் அயலவருக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.