நடுகல்லில் நிற்கும் நாயும் நம் தோட்டத்துக் காவல் நாயும்

தருமபுரி மாவட்டத்தின் அரூர் எல்லைக்கு அப்பால், செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் நடுகற்கள் நிறைந்த பழைய தகடூர் நாட்டின் தொடர்ச்சியாகவே அந்நிலத்தைக் கருதலாம். அங்குள்ள நடுகல் ஒன்றில் படைக்கலம் ஏந்திய வீரன் ஒருவன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது.

வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கும் போரில் உயிர் நீத்தவன். அந்த நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டு அது காவல் இருந்த செய்தியைக் கல்வெட்டு தனியே பதிந்து வைத்திருக்கிறது. அக்காலத்தில் எத்தனையோ மனிதர்கள் பெயரின்றி மறைந்து போனார்கள். ஒரு மாட்டுக்காவல் நாயின் பெயரோ கல்லில் நிலைத்துவிட்டது. கல் நாட்டப்பட்டது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 624இல். ஹிஜ்ரி கணக்கில் அது பத்ருப் போர் நடந்த காலத்தை ஒட்டி வருகிறது.

வரலாறு படிப்போருக்கு இந்தப் பொருத்தம் சிந்தனைக்குரியது. தென்பெண்ணை ஆற்றுப் பக்கத்தில் மாடு மேய்த்தவர்கள் ஒரு நாய்க்குக் கல்லில் இடமளித்த அதே தலைமுறையில்தான், மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நாய் வளர்ப்புக்கு வரம்பு வகுத்தார்கள். கால்நடைக் காவல், வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு பங்கு குறையும் என்ற ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. விலக்கையே பலரும் எடுத்துரைக்கிறார்கள். விலக்குக்கு உட்படாத மூன்றும் தருமபுரி மாவட்டத்துக் குடியானவர் வீட்டின் அன்றாடத் தேவைகள் என்பதைச் சொல்வோர் குறைவு. பென்னாகரம் பக்கத்துக் காட்டோரங்களில் ஆட்டுப் பட்டியும் மாட்டுப் பட்டியும் வைத்திருப்பவருக்கு நாய் அலங்காரப் பொருளன்று.

ஆயினும் அத்தகைய குடும்பங்கள் உறவினர் நடுவே கூச்சத்துடன் நடமாடுவதை நாம் காண்கிறோம். திருமணப் பேச்சின்போது, “அவர்கள் வீட்டில் நாய் இருக்கிறதாமே” என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. இந்தப் பேச்சுக்கு மார்க்கத்தில் எவ்வளவு இடம் உண்டு என்று பார்ப்பது தவறாகாது.

நாயின் தூய்மை பற்றி இமாம்களிடையே தொடக்கம் முதலே கருத்து வேறுபாடு இருந்துள்ளது. ஷாபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் அசுத்தம். ஹனபீ மத்ஹபில் உமிழ்நீர் அசுத்தம், உடல் அவ்வாறன்று. மாலிகீ மத்ஹபில் நாயே தூய்மையானது. அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது வணக்கமாகக் கொள்ளப்படும். நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும், தருமபுரி போன்ற உள்நாட்டு மாவட்டங்களில் ஹனபீகளும் மிகுதி. ஆகவே காயல்பட்டினத்திலிருந்து வந்த மருமகள் நாயைத் தொடத் தயங்குவதும், இவ்வூர் மாமியார் அதைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் அவரவர் மத்ஹபின்படியே நடப்பவை. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸின் விளக்கத்திலும் வேறுபாடு உண்டு. அனுமதிக்கப்பட்ட நாய்களை அது குறிக்காது என்றார் அல்கத்தாபீ (ரஹ்). எல்லா நாய்களையும் குறிக்கும் என்பதே இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் கருத்து. பேணுதலை விரும்புவோருக்கு எளிய வழி ஒன்று இருக்கவே செய்கிறது: நாயின் இடம் கொட்டகை; அதன் தட்டு தனித் தட்டு.

வளர்க்கலாமா என்ற கேள்வியைவிட, வளர்ப்பவரின் கடமை என்ன என்ற கேள்வியே நூல்களில் ஆழமாக ஆராயப்பட்டுள்ளது. ஹிஜ்ரி 660இல் கெய்ரோவில் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) பிராணிகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைத் தம் நூலில் வகுத்துரைத்தார். அவற்றின் இனத்துக்கு ஏற்ற தீனியை அளிக்க வேண்டும். முதுமையாலோ நோயாலோ இனிப் பயன் தராது என்ற நிலையிலும் அதை நிறுத்தக் கூடாது. சுமக்க இயலாததைச் சுமத்தக் கூடாது. ஒன்றையொன்று காயப்படுத்தும் பிராணிகளை ஓரிடத்தில் அடைக்கக் கூடாது. நாயும் பூனையும் கோழியும் ஆடும் ஒரே முற்றத்தில் திரியும் வீட்டுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது இக்கடைசி விதி. கூண்டும் கயிறும் தனித்தனித் தீனி நேரமும் அவ்வீட்டுக்கு வசதிக்கான ஏற்பாடுகள் மட்டுமல்ல.

பூனையின் நிலை எளிது. அது நம்மைச் சுற்றி வரும் பிராணி, அசுத்தமன்று என்ற ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உண்டு. எனினும் பூனையைத் தீனியின்றிக் கட்டிவைத்துக் கொன்ற பெண் நரகம் புகுந்ததையும், காலுறையில் நீர் மொண்டு நாயின் தாகம் தீர்த்தவர் மன்னிக்கப்பட்டதையும் புகாரீயில் காண்கிறோம்.

இனத்துக்கு ஏற்ற தீனி என்ற சொல்லை இன்னும் சற்று நோக்குவோம். இம்மாவட்டத்தில் நாய்க்குக் கேழ்வரகுக் களியும் மோரும் இடுவது நெடுநாள் வழக்கம். அத்துடன் சிறிதளவேனும் இறைச்சியோ முட்டையோ சேர வேண்டும். வலீமா விருந்தின் மிச்சப் பிரியாணியை அள்ளிக் கொட்டுவது அன்பென்று எண்ணுகிறோம். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை அழிக்கவல்லது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குழந்தைகளிடம் இதைச் சொல்லி வைப்பது நன்று.

மனிதரைக் கடிக்கும் வெறிநாயை நம் முன்னோர் காப்புக்குரிய பிராணிகளின் கணக்கிலிருந்து நீக்கியே பேசினர். அன்று வெறிநோய்க்கு மாற்று இல்லை. 1885இல் லூயி பாஸ்டர் தடுப்பூசியைக் கண்டார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பின் தென்னாட்டிலேயே சிகிச்சைக்கு வழி பிறந்தது. மனிதருக்கு வரும் வெறிநோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்க்கடியால் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆண்டுதோறும் நாய்க்கு ஊசி போடும் செலவை, இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) சொன்ன பராமரிப்புச் செலவோடு சேர்த்து எண்ணுவதே முறை. பட்டி நாயும் இதற்கு விலக்கன்று. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ப்பவருக்கும் அருகிலேயே அது படுத்துறங்குகிறது.