லாமியன்

வடமேற்குச் சீனத்தின் கான்சு மாகாணத் தலைநகரான லான்ஜோவுடன் இணைத்துப் பேசப்படும் ‘லாமியன்’ என்னும் சொல், இழுத்தலைக் குறிக்கும் ‘லா’, மாவையும் மாவால் ஆன நூடுல்ஸையும் ஒருங்கே குறிக்கும் ‘மியன்’ ஆகியவை சேர்ந்து அமைந்தது. ‘மியன்’ தொடக்கத்தில் கோதுமை மாவையே சுட்டியது. சீனத்தின் ஹான் அரசமரபுக் காலத்தில் மாவுப் பண்டங்கள் பலவும் ‘பிங்’ என்ற பொதுப்பெயரால் வழங்க, பிற்காலத்திலேயே நூடுல்ஸுக்கு ‘மியன்’ என்பது நிலைபெற்றது.

செய்முறையே பெயராக நிற்பது இச்சொல்லின் தனிச்சிறப்பாகும். மாவுக்கு இழுவைத் தன்மை தரும் காரப்பொருளைச் சேர்த்துப் பிசைந்த திரளை, கத்தியால் அரியாமல் வெறுங்கையாலேயே இழுத்து மடித்து மீண்டும் இழுக்கும்போது, ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணிக்கை இரட்டித்து, எட்டாம் மடிப்பில் ஓர் இழை 256 ஆகிறது. சீனத்தின் ஹுய் இன முஸ்லிம்கள் நடத்தும் எளிய கடைகளில் உண்பவர் கேட்கும் பருமனுக்கேற்ப அப்போதே இழுத்துத் தருவர். மயிரிழை போன்றது ‘மாவ்ஷி’ எனவும், அகன்ற பட்டை ‘தாகுவான்’ எனவும் பெயர்பெறும். ஆயினும் லான்ஜோ மக்கள் தம் உணவை ‘நியூரோமியன்’, அதாவது மாட்டிறைச்சி மியன், என்றே அழைப்பர்; நகரின் பெயரோடு ‘லாமியன்’ என்பது பெரும்பாலும் வெளியூர் வழக்கே.

ஜப்பானிய ‘ராமென்’ இச்சொல்லின் திரிபு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மலேசியத் தமிழ் முஸ்லிம் கடைகளின் ‘மீ கோரெங்’ (வறுத்த நூடுல்ஸ்) என்பதில் உள்ள ‘மீ’யும், ‘மியன்’ என்பதன் ஹொக்கியன் என்னும் தென்சீன மொழிவழக்கின் ஒலிப்பே ஆகும்.