துரைசானி மேசைக்குத் தேக்கா மளிகை

"அம்மா, இன்னிக்கு வெஸ்டர்ன் செஞ்சு கொடுங்களேன்!" வார இறுதி வந்தால் வீவக வீடுகள் பலவற்றில் கேட்கும் குரல் இது. அம்மாவுக்கு உடனே கவலை பிடித்துக்கொள்ளும். சீஸ் வேண்டும், ஆலிவ் எண்ணெய் வேண்டும், பெரிய பேரங்காடிக்குப் போக வேண்டும், கையிலிருக்கும் வெள்ளி கரைந்துவிடும். ஐரோப்பியச் சமையல் என்றாலே அது நம் கடைத்தெருவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்ற எண்ணம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில் அப்படித்தானா?

வீட்டுக்குள் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வாயில் சமையலறைக்கு இன்றும் குசினி என்ற பெயர் உண்டு. அது போர்ச்சுகீசியச் சொல். சாப்பாட்டு மேசை, தேநீர்க் கோப்பை இரண்டும் அந்த மொழியிலிருந்து வந்தவைதான். ஐரோப்பா நம் அடுப்படிக்குள் நுழைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. நம் அடுப்படியும் சும்மா இருக்கவில்லை, ஐரோப்பியர் தட்டுக்குள் நுழைந்தது.

அந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1878ல் அங்கே ஒரு சமையல் புத்தகம் வெளியானது. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, புனைபெயர் வைவர்ன். சீமையிலிருந்து கப்பலில் வரும் டின் உணவை நம்பிக் கிடக்காதீர்கள், உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் புத்தம்புது மீனையும் காய்கறியையும் கொண்டு நல்ல பிரெஞ்சுச் சமையலே செய்யலாம் என்பதுதான் அவருடைய வாதம். ஆங்கிலேயர் ஆசையாகக் குடித்த 'மல்லிகடானி' சூப், மிளகுத்தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களிலிருந்து பிறந்தது என்பதையும் அவர் விளக்கினார். நம் ரசத்தில் இறைச்சியைச் சேர்த்தால் சூப்! ஆனால் அந்தப் புத்தகத்தில் அடுப்பின் முன் நிற்பவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாச் சமையல்காரரும் 'ராமசாமி'தான்.

சிங்கப்பூர் 1867 வரை இந்தியாவிலிருந்த ஆங்கில அரசின் நிர்வாகத்தில் இருந்தது. துரைமார் வீட்டுப் பழக்கவழக்கங்களும் கடல் கடந்து கூடவே வந்தன. இந்த வெயிலில் வெண்ணெய் உருகும், இறைச்சி பொழுது சாய்வதற்குள் கெட்டுவிடும். உறைய வைத்த இறைச்சியையும் வெண்ணெயையும் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்க கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1903ல்தான் தோன்றியது. அதற்கு முன்னால் துரைசானி மேசைக்குப் போனது பெரும்பாலும் உள்ளூரில் கிடைத்ததுதான். சிராங்கூன் சாலை வட்டாரம் அப்போது மாட்டு வணிகத்துக்குப் பேர்போனது. பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அதற்கு இன்றும் சாட்சி சொல்கின்றன. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. வீடுவீடாகப் பால் கொண்டு போய் ஊற்றியவர்களில் நம் இந்தியப் பால்காரர்களும் உண்டு. தேக்கா மக்கள் கூடும் கண்டாங் கெர்பாவ் சந்தை 1915ல் எழுந்தது.

இங்கேயும் சமையல் புத்தகங்கள் வந்தன. திருமதி கின்சி எழுதிய 'மேம்ஸ் ஓன் குக்கரி புக்' அவற்றில் ஒன்று. மலாயாவுக்கு ஏற்ற, செய்து பார்த்த, சிக்கனமான 420 குறிப்புகள் என்று அட்டையிலேயே போட்டார்கள். சிக்கனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வெள்ளைக்காரக் குடும்பத்துக்கும் மாதக் கணக்கு இடித்திருக்கிறது! குறிப்பை எழுதியவர் பெயர் அட்டையில் நின்றுவிட்டது. சட்டியைக் கிளறியவரோ, 'குக்கி' என்ற பொதுப் பெயரோடு பின்வாசலில் நின்றார்.

அந்தக் குக்கிகளில் பலர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். மற்றச் சீனர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததால், லாபமான தொழில்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. துரை வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். அங்கே கற்றதைப் பின்னாளில் காப்பிக் கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ரொட்டித்தூளுக்குப் பதில் நொறுக்கிய கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் புரட்டிப் பொரித்த 'சாப்' அவர்கள் கைவண்ணம். தக்காளிச் சாறும் பச்சைப் பட்டாணியும் சேர்ந்த குழம்பை மேலே ஊற்றி, ஊஸ்டர் சாஸும் நாலு சொட்டு விட்டால் ஆயிற்று. அந்த ஆங்கிலேய சாஸில் என்ன இருக்கிறது தெரியுமா? புளியும், நெத்திலி இன மீனும். நம் வீட்டு மீன் குழம்புக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

இனி அந்த மளிகைக் கடை அடுக்குக்கு வருவோம். பஜ்ஜிக்கும் முறுக்குக்கும் வாங்கும் கடலை மாவு இருக்கிறதல்லவா? இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் அந்த மாவில்தான் 'ஃபரினாட்டா' செய்கிறார்கள். பிரான்சின் நீஸ் நகரில் அதன் பெயர் 'ஸோக்கா'. எடைக்கு ஒரு பங்கு மாவு, மூன்று பங்கு தண்ணீர். கரைத்து நாலைந்து மணி நேரம் வைத்து, மேலே கட்டும் நுரையை எடுத்துவிட்டு, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றி நல்ல சூட்டில் வாட்டினால் முடிந்தது. மேலே மிளகுத்தூள். அவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லும் ஒரு மூடியும் போதும், ஓரம் மட்டும் அவ்வளவு மொறுமொறுப்பாக வராது. ஆலிவ் எண்ணெய்க்காக ஆர்ச்சர்ட் ரோடு போக வேண்டியதில்லை, முஸ்தஃபா சென்டரிலேயே வாங்கலாம். கொத்துக்கறி போட்டு, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி வேகவைக்கும் 'ஷெப்பர்ட்ஸ் பை'க்கும் தேக்காச் சந்தை ஆட்டிறைச்சிதான் பொருத்தம். அது ஆட்டிடையன் பெயரில் வந்த பண்டமாயிற்றே!

எல்லாவற்றையும் மிஞ்சியது யூரேஷியர் வீட்டு சூஜி கேக். போர்ச்சுகீசியர் 1511ல் மலாக்காவைப் பிடித்த பிறகு உருவான கலப்புச் சமூகத்தின் கிறிஸ்துமஸ், கல்யாண கேக் அது. வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, பாதாம், கொஞ்சம் பிராந்தி எல்லாம் ஐரோப்பிய வழக்கம். ஆனால் பெயரைக் கொடுப்பது சூஜி, அதாவது நம் ரவை. காலையில் உப்புமாவுக்கு வாங்கும் அதே பாக்கெட்டில்தான் சாயங்காலம் அந்தக் கேக்கும் பிறக்கிறது. நம்மவர் தீபாவளிக்குச் செய்யும் வாயில் கரையும் நெய் பிஸ்கட்டுக்கும் இங்கே சூஜி பிஸ்கட் என்ற பெயர் உண்டு. கேக்கில் ஒரே ஒரு சூட்சுமம். ரவையை உருகிய வெண்ணெயில் கலந்து மணிக்கணக்கில், முடிந்தால் முந்தின இரவே, ஊற வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு அவனுக்குள் தள்ளினால் பல்லில் நறநறவென்று கடிபடும். பிராந்தி வேண்டாதவர்கள் அதை விட்டுவிடலாம். பாதாமை மட்டும் குறைக்கக் கூடாது.