சி945 யாருடைய பெயர்?

பழைய ஜப்பான் டேப் ரெக்கார்டரின் போர்டைத் திறந்தால், மூன்று காலோடு கறுப்பாகச் சின்னதாக ஒன்று நிற்கும். மேலே "சி945" என்று இருக்கும். சி என்றதும் கெப்பாசிட்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. போர்டின்மேல் அச்சடித்திருக்கும் சி12, சி13 எல்லாம் கெப்பாசிட்டர்தான். பாகத்தின் உடம்பிலேயே எழுதியிருப்பது வேறு கணக்கு.

இதன் முழுப்பெயர் 2எஸ்சி945. எல்லாவற்றுக்கும் பொதுவான "2எஸ்"ஸை விட்டுவிட்டு அச்சடிப்பது வழக்கம். ஜப்பானியத் தரவிதிப்படி 2 என்றால் டிரான்சிஸ்டர், எஸ் என்றால் செமிகண்டக்டர். அடுத்த எழுத்து ஏ, பி என்றால் பிஎன்பி. சி, டி என்றால் என்பிஎன். ஆக ஏ1015 ஒரு பிஎன்பி, சி1815 அதன் என்பிஎன் ஜோடி.

அமெரிக்கப் பெயரில் இவ்வளவுகூடக் கிடைக்காது. 2என்3904 என்பிஎன், 2என்3906 பிஎன்பி. பெயரை எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் அது தெரியாது. 1என் டயோடு, 2என் டிரான்சிஸ்டர், மீதி வெறும் பதிவு எண். பத்திர ஆபீஸ் மாதிரி.

எனக்குப் பிடித்தது ஐரோப்பியக் கதை. அங்கே பிலிப்ஸ் போன்றவர்களின் வால்வுப் பெயரில் முதல் எழுத்து, உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க என்ன மின்சாரம் தரணும் என்று சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட். அடுத்த எழுத்து வால்வின் வகை: ஏ டயோடு, சி டிரையோடு. ஈசிசி83 என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. 1950களில் டிரான்சிஸ்டர் வந்தபோது அதையும் இதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சூடாக்க இழையே இல்லையே? அதனால் முதல் எழுத்து ஓ. ஓசி71 என்றால் "சூடாக்க வேண்டாத டிரையோடு"!

1966-ல் புரோ எலெக்ட்ரான் என்ற அமைப்பு வந்து இதை மாற்றியது. முதல் எழுத்து இப்போது எதனால் செய்தது என்பதைச் சொன்னது. ஏ ஜெர்மானியம், பி சிலிக்கான். ஏசி128, பிசி547 எல்லாம் இந்த வம்சம். இரண்டாவது எழுத்தில் ஏ இன்றைக்கும் டயோடுதான். சி, ஒலிக்கான சிறிய டிரான்சிஸ்டர். வால்வு போய்விட்டது, எழுத்து போகலை.

பெயர் தெரிந்ததும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால், 2என்3904-க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-க்கு அப்படியே தலைகீழ். சி1815-ல் கலெக்டர் நடுவில் வந்து உட்கார்ந்து, பேஸ் வலது ஓரத்துக்குப் போயிருக்கும். மூன்றும் என்பிஎன்தான், பார்க்க ஒரே மாதிரிதான். மூன்று நாட்டுக்காரர்களும் கால் வரிசையை மட்டும் பெயரில் வைக்கவே இல்லை. டேட்டாஷீட்டைத் திறந்துதான் ஆகணும்.