முற்றுப்பெறாத தோம்பு

இலங்கையில் ஒல்லாந்தர், தங்கள் ஆட்சிக்குட்பட்ட காணிகளையும் குடும்பங்களையும் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். வளவு யாருடையது, அதில் தென்னை எத்தனை, பலா எத்தனை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிக்குச் சேரவேண்டியது என்ன என்பதெல்லாம் அதில் ஏறின. கொழும்புத் திசாவைத் தோம்புகள் இன்றும் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. தோம்பு என்ற அந்தப் பெயரைத்தான் 1969 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியருமான தா. சனாதனன், 2011 இல் வெளியான தமது 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலுக்கு வைத்தார். அந்த நூலுக்காக, போரில் வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து தங்கள் வீட்டின் தளப்படத்தை வரைந்தார்கள். கட்டடக்கலைஞர் அதை முறையான வரைபடமாக்கினார். அவர்கள் சொன்ன கதையிலிருந்து சனாதனன் தமது சித்திரத்தைத் தீட்டினார். என் கணிப்பில் இது கலைநூல் மட்டுமல்ல, வடக்கின் வரலாற்றுக்கு முதல்தர ஆவணம்.

அடுத்தவர் வரைந்ததைத் திரட்டுவது ஓவியமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1965 இல் ஜோசப் கொசுத் ஒரு நாற்காலியையும் அதன் புகைப்படத்தையும் அகராதி விளக்கத்தையும் அருகருகே வைத்தபோதே, கருத்தியல் கலை அந்தக் கேள்வியைச் சந்தித்துவிட்டது. கலைஞரின் உழைப்பு அங்கே அடுக்குமுறையில் இருக்கிறது. ஆனால் கொசுத்தின் நாற்காலி யாருடையதாகவும் இருக்கலாம். சனாதனனின் பக்கங்களில் வரும் வீடு ஒருவருடையது, இழந்தது. 2004 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், 1981 இல் எரியூட்டப்பட்ட அதே நூலகத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து திரட்டிய அன்றாடப் பொருட்களை அவர் காட்சிக்கு வைத்ததும் இந்த வழியில்தான்.

நினைவு பிசகும், அளவுகள் பொருந்தா என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. பொருந்தாதுதான். கையால் போட்ட கோடு விறாந்தையை நீட்டிவிடும், குசினியைச் சுருக்கிவிடும். கட்டடக்கலைஞரின் நேர்கோடு பக்கத்திலேயே இருப்பதால் அந்த வேறுபாடு மறைவதில்லை. எதை மனம் பெரிதாக வைத்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. அரசின் தோம்பும் பக்கச்சார்பற்றதல்ல, வரிக்கு வேண்டியதையே அது எண்ணியது. உறுதி தொலைந்தவருக்கும் கோடு போடும் உரிமையைத் தந்தது சனாதனனின் பதிவேடு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்த தமிழர்களையும் தனித்தனி வரலாறுகளாகவே எழுதிப் பழகிவிட்டோம். இந்த நூலில் தமிழர் வீடும் முஸ்லிம் வீடும் ஒரே ஏட்டில் பதிவாகின்றன.