தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைச்சே ஆகணுமா? சட்டம் என்ன சொல்கிறது?

தேர்தல் தேதி அறிவித்ததும் சுவர் விளம்பரங்களை அழிப்பார்கள், தலைவர் சிலைகளைத் துணியால் மூடுவார்கள், பறக்கும் படை ரோட்டில் நிற்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் அதே நாளில் தொடங்குகிறது. 'உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்' என்று பல மாவட்டங்களில் அறிவிப்பு வரும்.

சங்கரன்கோவில், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிகளில் இந்த அறிவிப்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றி, யானை தொல்லை அதிகம். பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் வாங்கியவர் தேர்தல் முடியும்வரை துப்பாக்கி இல்லாமல் இருக்க வேண்டியதுதானா? 'முடியாது' என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா?

சுருக்கமான பதில்: துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை கிடையாது. ஆனால் 'எல்லாரும் ஒப்படைங்க' என்ற ஒற்றை வரி உத்தரவும் தேர்தல் ஆணையத்தின் விதிப்படி சரியானது அல்ல. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விரிவாகப் பார்க்கலாம்.

தேர்தல் ஆணைய விதி என்ன?

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் உத்தரவில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, வெளியே எடுத்துச் செல்லத் தடை. தேர்தல் அறிவிப்பு முதல் முடிவு அறிவிப்பு வரை லைசென்ஸ் இருந்தாலும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு நடமாடக் கூடாது. முன்பு 144 தடை உத்தரவு என்று சொன்னோமே, அந்தப் பிரிவில்தான் இதைப் பிறப்பிப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு வந்துவிட்டது. இந்தத் தடை பொதுவானது. வழிவழியாக ஆயுதம் தரிக்கும் வழக்கம் சட்டப்படி ஏற்கப்பட்ட சமூகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இரண்டாவது, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது. இது பொதுவான உத்தரவு அல்ல. மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் கொண்ட ஸ்கிரீனிங் கமிட்டி ஒவ்வொரு லைசென்ஸ்தாரரையும் தனித்தனியாக ஆய்வு செய்ய வேண்டும். ஒப்படைப்பது அவசியம் என்று கமிட்டி கருதினால் அந்த நபருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்தவர் 7 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ரசீது தர வேண்டும்.

யாருடைய துப்பாக்கியை முதலில் பார்ப்பார்கள்?

மூன்று வகையினரை ஆணையம் குறிப்பாகச் சொல்கிறது.

• ஜாமீனில் வெளியே இருப்பவர்கள்
• குற்றப் பின்னணி உள்ளவர்கள்
• கலவரத்தில், முக்கியமாகத் தேர்தல் நேரக் கலவரத்தில், சம்பந்தப்பட்டவர்கள்

இந்த மூன்றும் உதாரணங்கள்தான். வேறு காரணம் இருந்தாலும் கமிட்டி முடிவெடுக்கலாம். ஆனால் காரணம் என்று ஒன்று இருக்க வேண்டும். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றோருக்குப் பொதுவாக விலக்கு கிடைக்கும்.

எத்தனை நாள் ஸ்டேஷனில் இருக்கும்?

முடிவு அறிவித்து ஒரு வாரம் கழிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்க எளிதாக இருக்கும். 2024 மக்களவைத் தேர்தல் காலண்டரை எடுத்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

தேர்தல் அறிவிப்பு: மார்ச் 16
வேட்புமனு தாக்கல் தொடக்கம்: மார்ச் 20
தென்காசி தொகுதியில் வாக்குப்பதிவு: ஏப்ரல் 19
வாக்கு எண்ணிக்கை: ஜூன் 4
ஒரு வாரம் கழித்து: ஜூன் 11

தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டு முடித்த பிறகும், மற்ற மாநிலங்களின் கட்டங்கள் முடியட்டும் என்று 46 நாள் காத்திருந்தோம். மார்ச் 20-ஆம் தேதி ஒருவர் துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் 83 நாள், அதாவது கிட்டத்தட்ட 12 வாரம் அது அவர் கையில் இருக்காது.

இதோடு முடியவில்லை. சங்கரன்கோவில் பக்கம் 2019 மக்களவை, 2021 சட்டமன்றம், 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சி, 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி, 2024 மக்களவை என்று ஐந்து வருஷத்தில் ஐந்து தேர்தல் வந்தது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கான அறிவிப்புகள் தனி.

துப்பாக்கி வைத்திருப்பது உரிமையா, சலுகையா?

அமெரிக்காவில் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் இது பெரிய விவாதம். அங்கே 1791-ல் வந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகவே சொல்கிறது. அது தனிநபரின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. 2020 தேர்தலில், வாக்குச்சாவடியில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நிற்க மிச்சிகன் மாநில அதிகாரி தடை போட்டார். அந்தத் தடையைக் கோர்ட்டே நிறுத்திவிட்டது.

இங்கே நிலைமை நேர் எதிர். நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு கூட்டம் கூடும் உரிமையைத் தருகிறது. ஆனால் 'அமைதியாக, ஆயுதம் இல்லாமல்' என்ற நிபந்தனையோடு.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1931-ல் காங்கிரசின் கராச்சி தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதைச் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால் திருடர்களுக்கும் அது போய்ச் சேரும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் இல்லாத துப்பாக்கிகள் தொடர்பாகத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே இது அடிப்படை உரிமை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது.

அப்போ வெறும் சலுகையா? அப்படியும் முழுசாகச் சொல்லிவிட முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே தேவைப்படும் விவசாயி வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு விண்ணப்பித்தால், மறுக்கச் சட்டப்படியான காரணம் இல்லாதவரை லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்கிறது. 17-வது பிரிவின்படி லைசென்ஸை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் சட்டத்தில் நடைமுறை இருக்கிறது.

நம்ம பக்கத்து வரலாறு

ஆயுதப் பறிப்பு நெல்லைச் சீமைக்குப் புதுசு இல்லை. 1755-ல் கர்னல் ஹெரானின் படையைத் திருப்பி அனுப்பிய பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் சங்கரன்கோவிலுக்குப் பக்கம்தான். பாளையக்காரர் போர்களை ஒடுக்கிய பிறகு, 1801 டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை, கோட்டைகளை இடிக்க உத்தரவு. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது.

1959 சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு 3. லைசென்ஸ் காலம் 3 வருஷத்திலிருந்து 5 வருஷமானது.

கோர்ட் என்ன சொன்னது?

ஸ்கிரீனிங் கமிட்டி முறையே ஒரு வழக்கால் வந்ததுதான். கோவாவில் ஒருவர் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் வழிமுறைகளைச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2009 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் புதிய உத்தரவை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது.

2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வும் இதை மறுபடி வலியுறுத்தியது. தேர்தல் வருகிறது என்பதற்காக லைசென்ஸ்தாரர் எல்லாரையும் பொது உத்தரவால் ஒப்படைக்கச் சொல்ல முடியாது. கமிட்டி தனித்தனியாக ஆராய்ந்து காரணத்தோடு முடிவெடுத்தால் மட்டுமே கேட்கலாம் என்றது.

மற்ற மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் தேர்தல் ஆணைய உத்தரவு நாடு முழுதுக்கும் பொது.

போலீஸ் தரப்பு வாதமும் இருக்கிறது

எல்லாரிடமும் வாங்கி வைப்பது தப்பு என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் மறுபக்கத்திலும் நியாயம் உண்டு.

1967 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். பரங்கிமலை தொகுதி வேட்பாளரான அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் போஸ்டர்களில் வந்தது. துப்பாக்கி ஒன்று பிரச்சாரத்தின் போக்கையே மாற்றிவிடும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது.

தென்மாவட்டங்களில் சாதிப் பதற்றம் இன்னொரு காரணம். தெருவில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதை எடுத்துச் சுடக்கூட வேண்டாம், இருக்கிறது என்ற பயமே ஓட்டுப் போடப் போகிறவரைத் தடுக்கலாம். பயமில்லாமல் ஓட்டுப் போடுவதும் குடிமக்கள் உரிமைதான். சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதியும் தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதிகள் என்பதால் இந்தக் கேள்வி இங்கே கூடுதல் கனமானது.

தனித்தனியாகப் பார்த்தால் 'என்னை மட்டும் ஏன்?' என்ற கேள்வி வரும், எல்லாரிடமும் வாங்கினால் பாரபட்சப் புகாருக்கே இடமில்லை என்றும் சொல்லலாம். இது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் அதற்கான விலையை எந்த வழக்கும் இல்லாத ஆள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விவசாயிக்கு என்ன பாதிப்பு?

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருப்பதால் காட்டுப்பன்றியைச் சுட்டுக்கொல்ல அனுமதி இருப்பதாக அர்த்தம் இல்லை. வன உயிரினச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். விவசாயியின் துப்பாக்கி பெரும்பாலும் சத்தம் போட்டு விரட்டத்தான் உதவும். அதுவும் இல்லாமல் ராத்திரி வாழைத் தோட்டத்துக்குக் காவல் போகிறவருக்குப் பட்டாசும் டார்ச் லைட்டும்தான் துணை.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் என்ன செய்யணும்?

• எழுத்துப்பூர்வ நோட்டீஸைக் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னதாக மட்டும் இருக்க வேண்டாம்.

• விலக்கு தேவை என்றால் உடனே ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பட்டா, பயிர்ச் சேத மனு நகல், வழக்கு ஏதும் இல்லை என்ற விவரம் ஆகியவற்றை இணையுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

• ஒப்படைக்கும்போது ரசீதில் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

• துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தாலும் லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி நிற்காது. அதைத் தவறவிட வேண்டாம்.

• உத்தரவு தவறு என்று நினைத்தாலும் மீறாதீர்கள். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-வது பிரிவில் வழக்காகும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடும் வழி இருக்கிறது.

• வாக்குப்பதிவு நாளில் சாவடிப் பக்கம் ஆயுதத்தோடு போகவே கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134பி பிரிவில் 2 வருஷம் வரை சிறை, துப்பாக்கி பறிமுதல், லைசென்ஸும் ரத்து.

• முடிவு வந்து ஒரு வாரம் கழிந்ததும் ரசீது, லைசென்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் இது 'துப்பாக்கி வேணுமா, வேண்டாமா' என்ற விவாதம் மட்டும் இல்லை. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை வாங்கி வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. 'ஏன் என்னிடம்?' என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் அதே அரசுக்கு உண்டு. வீட்டில் துப்பாக்கியே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். தேர்தல் நேரத்தில் எல்லாருக்கும் பொதுவாக வருகிற எந்த உத்தரவையும் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வி அது.