நாலு காலும் அந்தரத்தில்

எங்கள் குசினிக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நடையில் ஒரு குதிரைப் பந்தயப் படம் தொங்குகிறது. முதலாளி பரிஸின் பழம்பொருட் சந்தையொன்றில் வாங்கி வந்தது. பொன்வர்ணம் பூசிய தடித்த சட்டம், வெடிப்பு விழுந்த வார்னிஷ், இருண்ட வானம், அதன்கீழ் ஐந்து குதிரைகள். பழைய ஆங்கிலேயத் தைலவர்ண ஓவியம் என்று விற்றவன் சொன்னானாம். கோப்பைகளைச் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு நூறு தடவையாவது நாங்கள் அந்தக் குதிரைகளைக் கடந்து போகிறோம்.

நாங்கள் என்பது நாலு பேர். எல்லோரும் 2009க்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். இருவர் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவர் நெடுந்தீவார். படத்தைப் பற்றி முதலில் வாய் திறந்தவர் அவர்தான்.

"இதைக் கீறினவன் குதிரை ஓடுறதைக் கண்ணாலை காணேல்லை. முன்னங்காலை முன்னுக்கும் பின்னங்காலைப் பின்னுக்கும் இப்பிடி விரிச்சால் குதிரை வயிறடிபட விழும்."

நெடுந்தீவில் அந்நியர் ஆட்சிக்காலத்தில் விடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவற்றின் பின்னால் ஓடி வளர்ந்தவரோடு எதிர்வாதம் செய்ய எங்களிடம் ஒன்றுமிருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஒரு திங்கட்கிழமை லூவ்ருக்குப் போனோம். திங்கள் எங்களுக்கு ஓய்வு. லூவ்ர் செவ்வாயில்தான் பூட்டு.

அங்கே 'எப்சம் டார்பி' என்ற படம் இருக்கிறது. தெயடோர் ஜெரிக்கோ 1821இல் வரைந்தது. ஒரு மீற்றரை விடச் சற்று அகலமான, பெரிதென்று சொல்ல முடியாத படம். நாலு குதிரைகள், அவற்றின் மேல் குனிந்த நாலு ஜொக்கிகள், கீழே புல், மேலே மழை கொட்டப் போகும் கரிய வானம். பார்வையாளர் கூட்டம் இல்லை. உண்மையான எப்சமில் அன்று சனம் அலைமோதியிருக்கும். ஜெரிக்கோ அத்தனை பேரையும் துடைத்துவிட்டார். நாலு குதிரைகளின் கால்களும் எங்கள் நடைப் படத்தில் உள்ளதைப் போலவே முன்னும் பின்னும் நீட்டப்பட்டு, நிலம் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன.

ஜெரிக்கோவை நம்மில் பலர் வேறொரு படத்தால் அறிவர். 1816இல் மொரித்தானியக் கரைக்கு அப்பால் 'மெதுசா' என்னும் பிரெஞ்சுக் கப்பல் தரை தட்டியது. படகுகளில் இடமில்லாத ஏறத்தாழ நூற்றைம்பது பேரை ஒரு மிதவையில் ஏற்றிக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். பதின்மூன்று நாட்களின் பின் மீட்கப்பட்டபோது உயிரோடிருந்தவர்கள் 15 பேர். ஏழு மீற்றர் அகலத்தில் ஜெரிக்கோ அதை வரைந்து 1819இல் பரிஸில் காட்டினார். அரசுக்குச் சங்கடம், விமர்சகர்களுக்கு இரண்டு மனம். படத்தைச் சுருட்டிக்கொண்டு 1820இல் லண்டனுக்குப் போனார். பிக்கடிலியில் இருந்த எகிப்திய மண்டபத்தில் சனம் காசு கொடுத்துப் பார்த்தது. மிதவைப் படத்தின் முன்னால் நாங்கள் அதிகம் நிற்கவில்லை. எங்களில் ஒருவர் கடலால் வந்தவர்.

லண்டனில் ஜெரிக்கோ அடம் எல்மோர் என்ற குதிரை வியாபாரியோடு பழகினார். அவர் வீட்டில் தங்கினார். டார்பிப் படம் அவருக்காக வரையப்பட்டது. அதே 1821இல் அதே கையால் இன்னொரு வேலையும் நடந்தது. லண்டன் தெருக்களைக் கல்லச்சுப் படங்களாக வரைந்தார்: வாசலில் சாய்ந்து கிடக்கும் பிச்சைக்காரக் கிழவன், தள்ளுவண்டியில் முடமான பெண், நிலக்கரி வண்டி இழுக்கும் கனத்த குதிரைகள். பந்தயக் குதிரையும் கரிவண்டிக் குதிரையும் ஒரே வருடத்தில் ஒரே மனிதனின் கண்ணில் பட்டிருக்கின்றன. பந்தயப் படங்களைச் சேகரிப்போர் இந்த இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1824இல், தனது 32ஆவது வயதில், குதிரையிலிருந்து விழுந்த காயங்களோடும் நோயோடும் அவர் இறந்தார். பெர் லாஷேஸ் மயானத்தில் இருக்கும் அவரது கல்லறையில் மிதவைப் படம் வெண்கலத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது.

கால்களுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பந்தயப் படங்களில் ஓடும் குதிரை என்றால் இந்தப் பறக்கும் பாய்ச்சல்தான். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகியவர் ஜெரிக்கோ. கண்ணால் பிரித்தறிய முடியாத வேகம் என்பதால் யாரும் அதை மறுக்கவும் முடியவில்லை. மறுத்தது கமரா. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர், ரயில் பாதை முதலாளியும் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநருமான லீலண்ட் ஸ்டான்போர்டின் செலவில், 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் ஓடுபாதையோரம் கமராக்களை வரிசையாக நிறுத்தினார். ஸ்டான்போர்ட் இதற்காகப் பெரும் பந்தயம் கட்டினார் என்பது கதை. அதற்கு உறுதியான சான்று இல்லை. குதிரை ஓட ஓடக் கமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தன. நாலு காலும் நிலத்தைவிட்டு எழும் கணம் ஒன்று உண்டுதான். ஆனால் அது கால்கள் விரிந்திருக்கும்போது அல்ல. நாலும் வயிற்றின்கீழ் மடங்கிக் கூடும்போது. நெடுந்தீவார் சொன்னது சரி.

1881இல் மைபிரிட்ஜ் பரிஸுக்கு வந்தபோது, படைகளையும் குதிரைகளையும் நுணுக்கமாக வரைந்து பெயரெடுத்த மெசோனியே அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து ஓவியர்களுக்கு அப்படங்களைக் காட்டச் செய்தார். தெகா அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். அதன்பிறகு பறக்கும் பாய்ச்சல் மெல்ல மெல்லப் பெரிய ஓவியர்களிடமிருந்து விலகி, மதுச்சாலைச் சுவர்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் இறங்கி வந்தது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிற்பி ரொடான் ஒத்துக்கொள்ளவில்லை. 1911இல் நூலாக வெளிவந்த போல் க்செல்லுடனான உரையாடல்களில் அவர் இந்த டார்பிப் படத்தையே எடுத்துப் பேசுகிறார். கமரா பிடித்த குதிரை ஓடுவதாகத் தெரிவதில்லை, ஓரிடத்தில் உறைந்து நிற்பதாகத்தான் தெரிகிறது என்பது அவர் வாதம். ஜெரிக்கோவின் குதிரையை நாம் பின்னாலிருந்து முன்னாலே பார்த்துக்கொண்டு போகிறோம்: முதலில் பின்னங்கால் உந்துகிறது, பிறகு உடல் நீள்கிறது, பிறகு முன்னங்கால் எட்டிப் பிடிக்கிறது. மூன்றும் ஒரே கணத்தில் என்றால் பொய். அடுத்தடுத்து நடப்பவை என்றால் உண்மை. வேறு வேறு கணங்களை ஒரே உடலில் ஓவியர் சேர்த்து வைத்திருக்கிறார் என்கிறார் ரொடான்.

இதை வாசித்த இரவு எங்களில் இளையவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். அவருடைய புகலிட விண்ணப்பம் முதல் தடவை நிராகரிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்ததில் தன்னைப் பிடித்துக்கொண்டு போனது விடிகாலை என்றிருந்தார். நேர்முகத்தில் மழை பெய்த பின்னேரம் என்றார். முரண்பாடு, நம்பத்தகாதது என்று கடிதம் வந்தது. பொய் ஏதும் அவர் சொல்லவில்லை. அவரை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்டவுடன் இரண்டும் ஒன்றாகத்தான் வாயில் வந்தன. அவருக்குள் அது ஒரே சம்பவமாகவே கிடந்தது. மேன்முறையீட்டுக்குச் சட்டத்தரணி எல்லாவற்றையும் திகதி, மணி, இடம் என்று துண்டு துண்டாகப் பிரித்து எழுதினார். அது ஏற்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, எல்லாம் சரிதான், ஆனால் எனக்கு நடந்தது இப்படியில்லை என்று தான் நினைத்ததாக அவர் சொன்னார். நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசி ரயிலுக்கு ஓடினோம்.

குதிரைகள் விஷயத்தில் எழுத்துக்கும் பதிவுக்கும் ஒருபோதும் குறை இருந்ததில்லை. இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகள் கிழக்கிலிருந்து வந்த மூன்று ஆண் குதிரைகளின் வழி என்பார்கள். அவற்றில் ஒன்று 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து கொண்டுவரப்பட்டது. வந்தேறிகள்தான், ஆனால் 1791இலிருந்து அவற்றின் வம்சாவளி அச்சிட்ட பதிவேட்டில் இருக்கிறது. சேகரிப்போர் விரும்பும் படங்களில் குதிரையின் பெயர் தலைப்பில் இருக்கும், உரிமையாளரின் பெயர் இருக்கும். கடிவாளம் பிடித்து நிற்கும் பையனின் பெயர் பெரும்பாலும் இராது.

அந்தப் பையன்களை உற்றுப் பார்த்தவர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ். 1724இல் லிவர்பூலில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவர். லிங்கன்ஷயரின் ஒரு கிராமத்து வீட்டில் ஒன்றரை வருடம் செத்த குதிரைகளைக் கட்டித் தூக்கி, தோலையும் தசையையும் படிப்படியாக உரித்து, நாற்றத்தின் நடுவில் வரைந்து, 1766இல் குதிரையின் உடற்கூற்று நூலை வெளியிட்டார். நியூமார்க்கட்டில் 1799இல் ஹம்பிள்டோனியன் என்ற குதிரை 3000 கினி பந்தயத்தில் அரைக் கழுத்து வித்தியாசத்தில் வென்றது. சவுக்கும் குதிமுள்ளும் அதைக் குதறிவிட்டன. உரிமையாளர் சேர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட் வெற்றியைப் படமாக்கச் சொன்னார். எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸ் வரைந்ததோ பந்தயத்துக்குப் பிறகு உடம்பு துடைக்கும் வேளை. களைத்துத் தள்ளாடும் பெரிய உடல்; பக்கத்தில் கடிவாளம் பிடித்தவரும், தோளில் கைபோட்டுத் துணியோடு நிற்கும் பையனும் நேரே எங்களைப் பார்க்கிறார்கள். சிரிப்பில்லை. வேலை முடியாதவர்களின் முகம். வென்ற எசமான் ஓவியருக்குக் கூலி கொடுக்க மறுத்தார். ஸ்டப்ஸ் வழக்குப் போட்டு வென்றார்.

அவரை வெறும் குதிரைப் படக்காரர் என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1936இல் போல் மெலன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் ஸ்டப்ஸின் 'பம்ப்கின் குதிரையும் லாயப் பையனும்' என்ற படத்தை வாங்கித் தன் ஆங்கிலச் சேகரிப்பைத் தொடங்கினார். விலைகள் பின்னர் ஏறின. 2011இல் ஸ்டப்ஸின் 'கிம்கிராக்' லண்டன் ஏலத்தில் 2 கோடியே 24 இலட்சம் பவுணுக்குப் போனது. அதிலுள்ள லாயப் பையனின் ஆயுட்காலச் சம்பளம் எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டோம்.

விலை ஏறினால் போலியும் ஏறும். எண்ணெய்வர்ணம் போலத் தோன்ற அச்சடிக்கும் வித்தை பழையது. நம் வீடுகளின் சாமியறையில் தொங்கிய ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் அப்படி வந்தவைதான். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் கல்லில் அச்சடித்து, வார்னிஷ் பூசி, ஓவியம் போலச் செய்தார்கள். அவற்றில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும். இப்போதைய அச்சில் புள்ளிகள் பட்டாளம் போல நேர்வரிசையில் நிற்கும்.

கடைசியாக, கடை பூட்டியபின், எங்கள் நடைப் படத்தைக் கைத்தொலைபேசிக் கமராவால் பெருப்பித்துப் பார்த்தோம். இருண்ட வானத்திலும் குதிரையின் வயிற்றிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகள் நேர்வரிசையில் நின்றன. தூரிகை அடையாளம் வார்னிஷில் மட்டும். கழற்றித் திருப்பினால் பின்புறத் துணியில் பழசாகத் தோன்றத் தேநீர்ச் சாயம் போல ஏதோ தேய்த்திருந்தார்கள். சட்டத்துக்குள் துணியை இழுத்துப் பிடித்திருந்தவை ஆணிகளல்ல, கம்பிப் பின்கள்.

முதலாளிக்கு யார் சொல்வது என்று பேச்சு வந்தது. இரண்டு மாதச் சம்பளம் எங்களுக்கு நிலுவையில் இருக்கிறது. நெடுந்தீவார் படத்தைத் தூசு தட்டி, பழைய ஆணியிலேயே நேராக மாட்டினார்.

"முதல் காசு வரட்டும்" என்றார். "பிறகு கால் பிழையெண்டதையும் சேர்த்துச் சொல்லுவம்."